கழுத்து நிற்பது முதல் ஒற்றைக்காலில் நொண்டுவது வரை: குழந்தையின் உடல் வளர்ச்சியைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டில் மூத்தவள் தவழவே இல்லை. ஒன்பது மாதம் வரை உட்கார வைத்த இடத்திலேயே இருந்தாள். பிறகு ஒரு காலை மடித்து, மற்றொரு காலால் தரையை உந்தி, உட்கார்ந்தபடியே கூடம் முழுவதும் நகரத் தொடங்கினாள். தனியாக நடந்தபோது அவளுக்குப் பதினாறு மாதம் முடிந்திருந்தது. அதற்குள் வந்தவர் போனவர் எல்லாம் கேட்ட கேள்விகளில் எனக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த என் தம்பி மகனோ ஆறாம் மாதத்திலேயே எல்லாப் பொருளையும் இடக்கையால் மட்டும் எடுத்தான். தாத்தாவைப் போல இடக்கைப் பழக்கம் என்று சொல்லி நாங்கள் மகிழ்ந்தோம். உண்மையில் கவலைப்பட்டிருக்க வேண்டியது அங்கேதான்.

எந்தத் தாமதத்துக்குக் காத்திருக்கலாம், எதற்கு ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டில் இருப்பவர்களே பிரித்தறிய உதவ வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அடுத்த வீட்டுக் குழந்தை என்றைக்கு நடந்தது என்பது இதற்கு அளவுகோலாகாது. உங்கள் குழந்தை ஒன்றன்பின் ஒன்றாகப் புதியதைக் கற்றுக்கொண்டே வருகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இயங்குகிறதா, மருத்துவம் வகுத்திருக்கும் கடைசி எல்லைக்குள் அது நிகழ்கிறதா என்ற மூன்றையும்தான் கவனிக்க வேண்டும்.

முதற்படி: வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்த குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். அப்படிப் பிறந்த குழந்தைக்கு, 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ அத்தனை வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதில் கழித்துவிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதை ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையாகவே மதிப்பிட வேண்டும். இந்தத் திருத்திய வயதை இரண்டு வயது வரை பயன்படுத்துவது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணியே போட வேண்டும். இந்த எளிய கணக்கைச் செய்யாததால் காரணமில்லாமல் கலங்கிய தாய்மார்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எடை, நீளம், தலைச் சுற்றளவு

பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறையும். 10 சதவீதம் வரை குறைந்தாலும், சுமார் பத்து நாளில் பிறந்த எடை திரும்பிவிடும். அதன் பிறகு ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும், இரண்டு வயதில் நான்கு மடங்காகும். பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை ஒரு வயதில் 75 செ.மீ. அளவுக்கு வளர்ந்திருக்கும். தலைச் சுற்றளவு பிறப்பில் 33 முதல் 35 செ.மீ., ஒரு வயதில் 45 முதல் 47 செ.மீ. இருக்கும். முன்னந்தலையில் துடிக்கும் உச்சிக்குழி 9 முதல் 18 மாதத்துக்குள் மூடிக்கொள்ளும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ கொடுக்கும் தாய் சேய் அட்டையில் வளர்ச்சிக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அதில் புள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, புள்ளிகளை இணைக்கும் கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்பதே முக்கியம். மெலிந்த குழந்தை அதே கோட்டையொட்டி ஏறிக்கொண்டிருந்தால் நலமாக இருக்கிறது. கொழுகொழுவென்று இருந்த குழந்தையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும். தலைச் சுற்றளவைப் பல இடங்களில் அளக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதை நீங்களே கேட்டு அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தலை மிக வேகமாகப் பெருத்தாலும் வளராமல் நின்றாலும் அதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த டேப்தான்.

மூன்றாம் படி: முதல் மூன்று மாதம், கழுத்து

உடலை ஆளும் திறன் தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வருகிறது. முதலில் கழுத்து, பிறகு தோள், முதுகு, இடுப்பு, கடைசியாகக் கால். அதனால்தான் கழுத்து நிற்காத குழந்தை உட்கார முடியாது, உட்கார வலுவில்லாத குழந்தையை நிற்க வைப்பதில் பயனில்லை.

நம் வீடுகளில் பாட்டி கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாரே, அந்த நேரத்தில் குழந்தையின் தலையைக் கவனியுங்கள். ஒரு மாதக் குழந்தை மூக்கு நசுங்காமல் இருக்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும். இரண்டாம் மாதத்தில் ஒரு நொடி தலையைத் தூக்கி, ஆட்டம் கண்டு, தொப்பென்று போடும். மூன்றாம் மாதத்தில் நெஞ்சு வரை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். என் மாமியார் குளிப்பாட்டும்போதுதான் இந்த மூன்று கட்டத்தையும் நான் முதன்முதலில் தெளிவாகக் கண்டேன். மருத்துவர்கள் இன்று குழந்தையை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பால் குடித்த உடனே போடாமல், பாயை விரித்து, கூடவே உட்கார்ந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும்.

குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்துவிடுவதும், தலையை உருட்டி அழுத்துவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அதேபோல் இரண்டு கால்களையும் நேராக நீட்டி இறுக்கிச் சுற்றி வைப்பது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். துணியில் சுற்றினாலும் தொடைகள் அகன்று மடங்க இடம் இருக்க வேண்டும். துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல விரியவில்லை என்று தோன்றினால் அதை அப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: குப்புற விழுவதும் செங்கீரையும்

நான்கு, ஐந்து மாதத்தில் குழந்தை புரண்டு குப்புற விழும். பல வீடுகளில் அன்றைக்குப் பலகாரம் செய்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். கட்டிலில் தனியாக விடக் கூடாத காலமும் அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையில் இதற்கென்றே ஒரு பருவம் இருப்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலையைச் செங்கீரை என்று சொல்லி, அதை ஐந்தாம் மாதத்துக்கு உரியதாக வைத்தார்கள். கை கொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள். உள்ளங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது ஐந்தாறு மாதத்தில் வரும் என்றும், இரு கையையும் நடுவே கொண்டுவந்து தட்டுவது ஒன்பது மாதத்துக்குப் பின் வரும் என்றும் இன்றைய மருத்துவம் சொல்வதோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று எண்ணும்போது, குழந்தையின் அருகே பாயில் உட்கார்ந்து பார்த்த கண்கள் அவை என்பது விளங்குகிறது.

இந்தப் பருவத்தில் குழந்தைக்குத் தேவையானது தரை. சென்னை அடுக்ககங்களில் இடம் குறைவு. விழித்திருக்கும் நேரமெல்லாம் குழந்தை தூளியிலோ மடியிலோ பவுன்சரிலோ கழிந்துவிடுகிறது. கூடத்தில் ஒரு கோரைப்பாய் விரிக்கும் அளவு இடத்தை ஒதுக்கி, கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் ஒரு கிலுகிலுப்பையை வைத்துவிட்டால் போதும். மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: உட்காருவது, தவழ்வது, எழுந்து நிற்பது

ஆறு மாதத்தில் கைகளை முன்னால் ஊன்றி முக்காலி போல உட்காரும் குழந்தை, எட்டு மாத அளவில் கையை எடுத்துவிட்டு முதுகை நிமிர்த்தி உட்காரும். ஆனால் இந்த இடத்திலிருந்து குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிகுதியாகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். அதன்படி தாங்கலின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்ளும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதத்துக்குள்ளும், கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள்ளும், பிடித்துக்கொண்டு நடப்பது 5.9 முதல் 13.7 மாதத்துக்குள்ளும், தனியாக நிற்பது 6.9 முதல் 16.9 மாதத்துக்குள்ளும், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்ளும் நிகழ்கின்றன. நடப்பதற்கு மட்டும் ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதைப் பாருங்கள். எட்டரை மாதத்தில் நடந்த குழந்தையும் பதினேழு மாதத்தில் நடந்த குழந்தையும் இதன்படி இயல்பானவையே.

அதே ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் முழங்காலில் தவழவே இல்லை. சில குழந்தைகள் வயிற்றால் ஊர்ந்துவிட்டு நேரே எழுந்து நிற்கும். சில என் மகளைப் போல உட்கார்ந்தே நகரும், அப்படி நகரும் குழந்தைகள் நடக்கச் சற்றுத் தாமதமாவது வழக்கம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தே விட்டது. குழந்தை தவழவில்லை என்பது மட்டுமே கவலைக்குக் காரணமாகாது. ஆனால் தவழும்போது ஒரு காலை இழுத்துக்கொண்டே வந்தால், அது தவழ்வதில் உள்ள ஒரு வகை என்று விட்டுவிடக் கூடாது.

ஆறாம் படி: கைகளைப் பாருங்கள்

காலைப் பார்க்கும் அளவுக்கு வீட்டில் யாரும் கையைப் பார்ப்பதில்லை. பிறந்த குழந்தையின் விரல்கள் பெரும்பாலும் மூடியே இருக்கும்; மூன்றாம் மாத அளவில் அவை திறந்துகொள்ள வேண்டும். நான்காம் மாதத்தில் இரு கையையும் நீட்டும், ஆறாம் மாதத்தில் ஒரு கையால் எடுத்து மறு கைக்கு மாற்றும், ஒன்பதாம் மாதத்தில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கத் தொடங்கும். ஒரு வயதில் தரையில் கிடக்கும் ஒற்றைச் சோற்றுப் பருக்கையையோ ஊரும் எறும்பையோ விரல் நுனியால் குறி தவறாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பட்டன் பேட்டரி போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இந்தத் திறமையோடுதான் வருகிறது என்பதால், அந்த வயதில் தினமும் ஒருமுறை நீங்களும் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து வீட்டைப் பாருங்கள்.

என் தம்பி மகனை ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குக் கொண்டுபோயிருந்தோம். ஊசி போட வந்த செவிலியர் தன் பேனாவை அவனுடைய வலப்பக்கம் நீட்டினார். அவன் உடம்பையே திருப்பி, இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினான். அவர் அந்த இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினார். வலக்கை அசையவில்லை; கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதை மூடியிருந்தன. அவன் பேனாவையே பார்த்துச் சிணுங்கினான். மூன்று மாதமாக ஒரே வீட்டில் அவனைத் தூக்கிக் கொஞ்சிய நாங்கள் ஒன்பது பேரும் பார்க்காததை அந்தப் பெண்மணி ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டார். பிறப்பையொட்டி மூளையின் ஒரு பகுதியில் ஏற்பட்ட பாதிப்பு என்று பின்னர் தெரிந்தது. பத்தாம் மாதத்திலிருந்து பயிற்சி கொடுத்ததில் இன்று அவன் இரு கையாலும் பந்து பிடிக்கிறான். எந்தக் கைக்காரர் என்பது ஒரு வயதுக்கு முன் வெளிப்படுவது இயல்பன்று. அதற்கு முன் ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையின் மறு கையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஏழாம் படி: நடை

சக்கரம் வைத்து நடுவில் குழந்தையை உட்கார வைக்கும் வாக்கரை வாங்காதீர்கள், பரிசாக வந்தாலும் பயன்படுத்தாதீர்கள். அதில் குழந்தை நுனிக்காலால் உந்துகிறதே தவிர, தன் எடையைத் தாங்கவோ சமநிலை காக்கவோ கற்பதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளின் காரணமாகக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. மூன்று சக்கரம் வைத்த நம் மர நடைவண்டியின் கதை வேறு. குழந்தை தானாக எழுந்து, பின்னால் நின்று, தன் காலில் தன் எடையைச் சுமந்து தள்ளுகிறது. தனியாகப் பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு, ஒருவர் அருகில் இருக்க, அதைக் கொடுக்கலாம்.

வீட்டுக்குள் செருப்பும் சாக்ஸும் வேண்டாம். இன்றைய வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்ஸ் அணிந்த கால் வழுக்கும். வெறுங்கால் விரல்களை ஊன்றிப் பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் கால்கள் வில் போல வளைந்திருப்பது இரண்டு வயது வரையிலும், பாதம் தட்டையாக இருப்பது அதன் பின்னரும் சில ஆண்டுகள் இயல்பே. மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் உட்பக்கம் ஒட்டுவதும் பெரும்பாலும் தானே சரியாகும். வளைவு ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் டி பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவும் இரும்புச் சத்தும் சேர வேண்டும் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். இரத்தசோகையால் சோர்ந்திருக்கும் குழந்தை விளையாடாது, விளையாடாத குழந்தைக்கு நடை தாமதமாகும்.

எட்டாம் படி: இரண்டிலிருந்து ஐந்து வயது வரை

ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கும். இரண்டு வயதில் ஒவ்வொரு படியிலும் இரு காலையும் வைத்து மாடி ஏறி இறங்கும். ஆறு கட்டைகளை அடுக்கும். மூன்று வயதில் கால் மாற்றி மாற்றிப் படி ஏறும், மூன்று சக்கர சைக்கிளை மிதிக்கும், வட்டம் வரையும். நான்கு வயதில் ஒற்றைக்காலில் நொண்டும், கூட்டல் குறி போடும். பால் பற்கள் இருபதும் மூன்று வயதுக்குள் வந்துவிடும். பூங்காவுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போய் மணலில் ஓட விட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

இந்த வயதில் ஒன்றை மட்டும் கூர்ந்து கவனிக்கச் சொல்வேன். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை தரையிலிருந்து எழும்போது, தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன்மேல் தானே ஏறுவதுபோல எழுந்தால், அது சோம்பல் அன்று. தசை வலுவின்மையின் அடையாளமாக இருக்கலாம்.

ஒன்பதாம் படி: தாண்டக் கூடாத எல்லைகள்

நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காதது, நான்கு மாதத்துக்குப் பிறகும் கை முட்டியாகவே மூடியிருப்பது, ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காராதது, ஒரு வயதாகியும் பிடித்துக்கூட நிற்காதது, 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காதது ஆகியவற்றுக்குக் காத்திருப்பு கூடாது. எந்த வயதிலும் உடம்பு விறைப்பாகவோ துணிபோலத் துவண்டோ இருந்தாலும், இரண்டு வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலும் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, முன்பு செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் நிறுத்துவது; அதற்கு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் நடப்பான்", "அவன் அப்பாவும் இரண்டு வயதில்தான் நடந்தான்" என்று அன்போடு சொல்லப்படும் ஆறுதல்களை இந்த எல்லைகளுக்கு உள்ளே கேட்டுக்கொள்ளலாம். எல்லை தாண்டிய பிறகு அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம். மூளை மிக வேகமாகத் தன்னை மாற்றிக்கொள்ளும் காலம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அப்போது கொடுக்கும் பயிற்சி பிடிப்பதுபோல் பின்னால் கொடுப்பது பிடிப்பதில்லை.

பத்தாம் படி: சென்னையில் எங்கே போவது, எதைக் கொண்டு போவது

முதலில் தடுப்பூசி போடும் இடத்திலேயே கேளுங்கள். 6, 10, 14ஆவது வாரம், ஒன்பதாம் மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள் என்று எப்படியும் போகத்தான் போகிறீர்கள்; ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் ஐந்து நிமிடம் வளர்ச்சியைப் பற்றிப் பேசுங்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய 17 கேள்விகள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு; குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு அளவுகோலை நிறுத்திவைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட எல்லாவற்றையும் குழந்தை செய்ய வேண்டும். அதை வைத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்டால் எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைப் பற்றிக் கேளுங்கள். பயிற்சிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது.

போகும்போது தாய் சேய் அட்டை, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மாதத்தில் எது வந்தது என்று நீங்கள் குறித்துவைத்த நோட்டு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் குழந்தை அழுமே தவிர ஒன்றும் செய்துகாட்டாது. ஆகவே முந்தைய இரண்டு மூன்று நாட்களில், வயிறு நிறைந்து நன்றாக விளையாடும் நேரமாகப் பார்த்து, கை கால் முழுவதும் தெரியும்படி மெல்லிய உடையில், மல்லாக்கப் படுத்திருப்பது, குப்புறக் கிடப்பது, உட்காருவது, ஒரு பொருளை எட்டி எடுப்பது, நடந்தால் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நடப்பது எனத் தனித்தனியாக அரை நிமிடம் செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். பொருளை ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் நீட்டிப் பிடியுங்கள்.